பக்கத்துக்கு மூன்று ரூபாய்

காரைக்காலோடு ஐந்துக்குப் பூஜ்யம்.
நாகையோடு நான்குக்கு ஒன்று.
அந்த ஒன்றும் நாகைக்காரன் தன் வலைக்குள்ளேயே
தட்டிவிட்டுக்கொண்டது.
அதற்கும் எழுந்து நின்று கத்தினோம்
நானும் விதைக்கடை தெட்சிணாமூர்த்தியும்.
அவர் விசிலடித்தால்
பாமணி ஆற்றுக்கு அக்கரையில் மாடு திரும்பிப் பார்க்கும்.

போன வருஷம் நுழைவு இருபது. இப்போது ஐம்பது.
அரையிறுதிக்கு நூறு என்று
வாசலில் தட்டி வைத்திருக்கிறார்கள்.
வராது என்று தெரிந்தே
வைத்த விலை அது.

வண்டி நிறுத்த இருபது,
ஹெல்மெட்டுக்குத் தனியாக ஐந்து.
டீ பதினைந்துதான், கப்புதான் சிறுத்துக்கொண்டே போகிறது;
இன்னும் இரண்டு ஆட்டம் தோற்றால்
இருமல் மருந்து மூடியில் ஊற்றுவார்கள்.
பழைய சிமெண்டுப் படிக்கு இப்போது கேலரி என்று பெயர்.
பெயின்ட் காயும் முன்பே உட்காரவைத்ததில்
என் வேட்டியில் ஒரு கை அகலம் நீலம்.
அணியின் நிறம் என்றேன் வீட்டில்.
"தோய்த்தாலும் போகாது, தோற்றாலும் போகாது"
என்றாள் கலைவாணி.
வேட்டியைச் சொன்னாளா
என்னைச் சொன்னாளா, கேட்கவில்லை.

மேட்டூரில் திறந்த தண்ணீர்
கடைமடைக்கு வருகிற கதைதான் நம் பந்து.
நடுக்களத்திலேயே எவனோ மடை மாற்றிவிடுகிறான்.
முன்னால் நிற்கிற புகழேந்தி
வாயைப் பிளந்து காத்துக் காத்து
ஷூ லேஸைக் கட்டுகிறான், அவிழ்க்கிறான், கட்டுகிறான்.
பின்னால் உடைப்பெடுத்த கரை;
மூட்டை அடுக்க ஒரு ஆளில்லை.
பயிற்சியாளர் ஓய்வுபெற்று மூன்று வருஷம்.
பொறுப்பில் இருக்கும் தாவரவியல் பேராசிரியர்
குடைக்குள் நின்று
புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி வருவதில்லை என்று
ஞாயிறு சாயங்காலம் பந்தலடியில் வைத்து
தெட்சிணாமூர்த்தியிடம் சத்தியம் செய்தேன்.
ஏழாவது சத்தியம் என்றார். எண்ணியிருக்கிறார் மனுஷர்.

செவ்வாய் மதியம், கரண்ட் வந்த நேரம்,
என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து நின்றான் கோல்கீப்பர்.
நூருல் அமீன், முத்துப்பேட்டை.
வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்து
பிளாஸ்திரி சுற்றியிருந்தது.
உதவித்தொகைக்குக் கட்டண ரசீது, நான்கு பக்கம்.
கண்ணாடியில் கவிழ்க்கும்போது கண்ணில் பட்டது:
விளையாட்டு மேம்பாட்டு நிதி, மூவாயிரத்து ஐநூறு.

"கிளவுஸ் குடுத்தாங்களா தம்பி?"
"அண்ணன் கட்டட வேலைக்கு வாங்குனது சார்.
ரப்பர் பூசினது. மழையில நல்லா புடிக்கும்.
காஞ்சா வழுக்கும்."

காரைக்கால் ஆட்டத்தன்று
வெயில் மண்டையைப் பிளந்தது.
கையில் வெண்ணெயா என்று
படியிலிருந்து நான் கத்தியது
என் தொண்டையிலேயே இன்னும் கிடந்தது.

"எவ்ளோ சார்?"
"பன்னிரண்டு."
"பக்கம் ரெண்டு ரூபாதானே?"
"பேப்பர் விலை ஏறிடுச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது,
பராமரிப்புச் செலவு ஏறிடுச்சு என்று
கேட்காரன் என்னிடம் சொல்லும் அதே ராகம்.
பத்து ரூபாய்த் தாளை வைத்துவிட்டு
பிளாஸ்திரிக் கையால் பாக்கெட்டைத் துழாவினான்.
இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
இரண்டு ஒற்றை ரூபாய் வந்து விழும்வரை
மெஷினைத் துடைப்பதுபோல் நின்றேன்.

படி இறங்கியவன் திரும்பினான்.
"ஞாயித்துக்கெழம கும்பகோணத்தோட சார்.
அந்த விசில்காரரையும் கூட்டிட்டு வாங்க.
உங்க ரெண்டு பேரு சத்தம் மட்டுந்தான் கேக்குது."

ஐம்பது, இருபது, ஐந்து, பதினைந்து.
என் கணக்கில் முப்பது பக்கம்.

கடை கட்டும்போது மூடியைத் தூக்கினால்
கண்ணாடிமேல் கிடக்கிறது
அசல் ரசீதின் கடைசிப் பக்கம்.
மறந்துவிட்டுப் போயிருக்கிறான்.
கொண்டுபோய்க் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.
கேட்டில் சொல்லிப் பார்க்கிறேன்,
ஆட்டம் பார்க்க வரவில்லை என்று.
இந்த வருஷம்
அதை யாரும் நம்புவார்கள்.